எங்கள் வீட்டு மருதாணி

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் மூவர்: அம்மா, தம்பி, நான். நான்காவதாக ஒருத்தியும் உண்டு என்று சொன்னால், வருகிறவர்கள் பூனையைத் தேடுவார்கள். அலமாரியில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைக் காட்டியதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பது மரத்தில் வாழும் டரண்டுலா சிலந்தி.

உடம்பு முழுக்கக் கரிய ரோமம். எட்டுக் கால்களின் நுனியில் மட்டும் இளஞ்சிவப்பு. முதல் நாள் முகம் சுளித்த அம்மாதான் பிறகு, "மருதாணி வெச்ச மாதிரில்ல இருக்கு!" என்று சொல்லி அவளுக்குப் பெயரும் வைத்தார். குட்டியாக இருந்தபோது நிறம் நேர்மாறாக இருந்தது. வெளிறிய கால்களில் கரிய நுனிகள். அப்போது அவள் ஓர் ஐந்து சென் நாணயத்துக்குள் அடங்கிவிடுவாள்.

இந்த இனத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அவிக்குலேரியா என்ற அதன் அறிவியல் பெயர் பறவையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1705-இல் மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர் சுரினாம் நாட்டு உயிரினங்களைப் பற்றி வெளியிட்ட நூலில், சிலந்தி ஒன்று சிறு பறவையைத் தின்னும் படம் இருந்தது. எங்கள் மருதாணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பறவைத் தீனி விற்கும் கடையில் வாங்கும் செங்கெரிக் பூச்சி, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, அவ்வளவுதான். அகலத்தைவிட உயரம் கூடிய பெட்டி, செங்குத்தாக நிறுத்திய மரப்பட்டை, அடியில் தேங்காய் நார்த்தூள், ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர், காற்று வந்துபோகப் பக்கவாட்டில் துளைகள். மரத்தில் வாழும் சிலந்திக்கு ஈரம் வேண்டும்தான். ஆனால் காற்றோட்டம் இல்லாத ஈரம் ஆகாது.

"கடிக்காதா?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. கடிக்கும், சீண்டினால். இந்த இனத்தின் நஞ்சு வீரியம் குறைந்தது என்றாலும், நான் அவளைக் கையில் எடுப்பதில்லை. அதற்குக் காரணம் என் பயம் மட்டுமல்ல. உயரத்திலிருந்து தவறி விழுந்தால் அவளுடைய மெல்லிய வயிறு வெடித்துவிடலாம். கையில் ஏந்திக் கொஞ்சவும் கூப்பிட்டால் ஓடி வரவும் ஓர் உயிர் வேண்டுமென்றால் பூனைதான் சரி. சிலந்தி வளர்ப்பது பார்ப்பதற்காக மட்டுமே.

வீட்டில் உண்மையான சிக்கல் வந்தது கொசுவால். எங்கள் பகுதியில் டிங்கிக் காய்ச்சல் புதிய செய்தி இல்லை. சாயங்காலமானால் அம்மா கொசுவத்திச் சுருள் ஏற்றுவார். சுருளிலும் தெளிப்பானிலும் இருக்கும் மருந்து பூச்சிகளின் நரம்பைத் தாக்குவது. சிலந்தி பூச்சி இனமல்ல, ஆனாலும் அந்த மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். "ஒரு எட்டுக்காலிக்காக எம்புள்ளைங்கள கொசு கடிக்கணுமா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மனிதர் உயிருக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். சுருளை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சன்னல்களுக்கு வலை அடித்தேன். பூச்சாடித் தட்டுகளில் தேங்கும் தண்ணீரை வாரந்தோறும் கொட்டும் வேலையையும் ஏற்றுக்கொண்டேன். கொசு குறைந்தது, சுருளும் தானாக நின்றது. புகையடிக்க வருகிறார்கள் என்று கீழே அறிவிப்பு ஒட்டினால், அன்று மருதாணிக்குக் கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பயணம். மறுநாள் வீட்டை நன்றாகத் துடைத்துக் காற்றாட விட்ட பிறகே திரும்புவாள்.

ஒருநாள் இரவு அம்மா என்னை எழுப்பினார். "வந்து பாரும்மா, மருதாணி செத்துப்போச்சு." போய்ப் பார்த்தேன். மல்லாந்து கிடந்தாள். சாகிற சிலந்தி கால்களை உள்ளுக்கு மடக்கிக்கொள்ளும்; அதன் கால்கள் நீள்வதே உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான். மல்லாந்து கிடந்தால் தோல் உரிக்கிறது என்று அர்த்தம். தொடக்கூடாது. பெட்டியில் மிச்சம் பூச்சி இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் இரையே சிலந்தியைக் கடித்துவிடும். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பழைய சட்டையைக் கழற்றுவதுபோல் ஒவ்வொரு காலாக உருவி அவள் வெளியே வரும்வரை எழவில்லை. உரித்த தோலை விரித்துப் பார்த்துத்தான் அவள் பெண் என்பதும் உறுதியானது.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு உறுத்தலான இடம் ஒன்று உண்டு: சிலந்தி எங்கிருந்து வருகிறது என்பது. 2019-இல் சரவாக்கைச் சேர்ந்த, மின்னும் நீலக் கால்கள் கொண்ட டரண்டுலா ஒன்று புதிய இனமாக ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்டது. சேகரித்தவர்களின் பிள்ளைகள் மூவரின் பெயர்களைச் சேர்த்து அதற்குப் பெயர் சூட்டினார்கள். முறையான அனுமதியோடுதான் அது நாட்டைவிட்டுப் போனதா என்ற சர்ச்சை உடனே கிளம்பியது. நம் காட்டுப் பிள்ளைக்கு வெளியூரில் பெயர்சூட்டு விழா. அதே ஆண்டு மணிலா விமான நிலையத்தில், போலந்திலிருந்து பிஸ்கட், ஓட்ஸ் பெட்டிகளில் ஒளித்து அனுப்பப்பட்ட 757 டரண்டுலாக்கள் பிடிபட்டன.

தமிழ் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. இராமேஸ்வரத்தில் அனுமன் பெயர் கொண்ட கோயிலின் தோப்பில் கண்டெடுக்கப்பட்ட மரச் சிலந்திக்கு 2004-இல் அந்தக் கோயிலின் பெயரையே வைத்தார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனம். ஈழத்தில் மாங்குளம் பகுதியில் 2009-இல் கிடைத்த இன்னொன்று, முகத்தை மூடும் அளவு பெரியது. பழைய மரப் பொந்துகளில் வாழும் அது, மாங்குளம் மருத்துவமனையின் பழைய மருத்துவர் விடுதியிலும் காணப்பட்டது. மரம் போனால் சிலந்தி எங்கே போகும்? இவை அடங்கிய பேரினம் முழுவதும் 2019 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்துவிட்டது. கடி பட்டால் கடுமையான தசைப்பிடிப்பு வரும் வகை என்பதால், புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றதும் அல்ல.

சென்ற ஆண்டு தெரிந்தவர் ஒருவர் எனக்கொரு நீலச் சிலந்தியின் படத்தைப் புலனத்தில் அனுப்பினார். "காட்டுல பிடிச்சது, மலிவா தரேன்." அழகு என்றால் அப்படியோர் அழகு. வேண்டாம் என்றேன். நான் வாங்கவில்லை என்றால் வேறொருவர் வாங்குவார் என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அந்த வேறொருவர் நானாக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் பிள்ளையும் கைப்பேசியில் படத்தைக் காட்டி ஒன்று கேட்கலாம். சட்டென்று திட்டாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா? இந்த இனத்தை வைத்திருக்க அனுமதி உண்டா? தீபகற்பத்தில் இருப்பவர்கள் இதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டே தெரிந்துகொள்ளலாம். மூன்றாவது, எத்தனை வருடம் பார்த்துக்கொள்வாய்? ஆண் சிலந்தி சில ஆண்டுகளில் போய்விடும்; பெண் பத்தாண்டுகூட இருக்கும்.

மூன்றாவது கேள்வியை அம்மா என்னிடமும் கேட்டார், வேறு விதமாக. "நீ கல்யாணமாகிப் போனா இத யாரு பாக்குறது?" கூட்டிக்கொண்டு போவேன் என்றேன். வருகிற மாப்பிள்ளை வீட்டாரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.