புதுக் கிடாய்க்கு வேப்பமரம், புது மீனுக்கு?

சந்தையில ஆடு வாங்கிட்டு வந்தா நேராப் பட்டிக்குள்ள விடுற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது. தோட்டத்து வடக்கு மூலையில ஒரு வேப்பமரம் நிக்குது. புது ஆடு ஒரு மாசம் அங்கதான். தண்ணி வைக்கிற குண்டா தனி, தட்டுப் போடுற இடம் தனி. "ஒரு அமாவாசையும் ஒரு பௌர்ணமியும் போகட்டும், அப்பறம் சேத்திக்கலாம்"னு எங்க அய்யன் சொல்லுவார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனா சந்தைன்னா என்னன்னு தெரியும். நாலு தாலுகா ஆடு ஒரே இடத்துல மூச்சு விட்டு நிக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமி உள்ள போயி நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் காய்ச்சலே ஆரம்பிக்கும்னு கால்நடை டாக்டர் பின்னாடி எனக்குச் சொன்னார். வாங்குற அன்னைக்குக் கண்ணுல பீளை இருக்காது, மூக்கு ஒழுகாது. பல்லைப் பாத்து, முதுகைத் தடவிப் பாத்து, தேறும்னு பணத்தைக் குடுத்துட்டு வந்துருவோம்.

இது தெரிஞ்ச ஆள்தான் நான். அதனாலதான் கீழே சொல்லப் போறது எனக்கு இன்னும் உறுத்திட்டு இருக்குது.

எங்க பேரன் மூணாவது படிக்கிறான். மகளும் மருமகனும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. ஷிப்ட் மாறி மாறி வர்றதால பையன் எங்ககிட்டதான் வளர்றான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவன் பிறந்தநாளுக்கு மருமகன் ஒரு ரெண்டடிக் கண்ணாடித் தொட்டி வாங்கிக் குடுத்தார். கப்பி ஆறு, மோலி மூணு, தங்கமீன் ரெண்டு. ரெண்டு தங்கமீன்ல பெருசுக்குப் பையன் வச்ச பேரு தொப்பையன். உண்மையைச் சொன்னா அந்தத் தொட்டி தொப்பையனுக்கே பத்தாது. தங்கமீன் நல்லா வளர்ற சாதி, சின்னத் தொட்டியில வைக்கக் கூடாதுன்னு இப்பத் தெரியும், அப்பத் தெரியாது. ஆனா அது ஆளைக் கண்டுக்கும். காலையில என் வீட்டுக்காரம்மா வாசல் தெளிச்சுட்டு உள்ள வந்தா கண்ணாடிகிட்ட வந்து நின்னு வாயைத் திறந்து திறந்து மூடும். "உங்களை விட இதுதானுங்க என்ன அடையாளம் தெரிஞ்சு நிக்குது"ம்பா.

போன மார்கழியில ஒரு ஞாயித்துக்கெழமை தாராபுரம் போயிருந்தோம். பையன் கறுப்பு மோலி கேட்டான். நாலு வாங்கினேன், நூறு ரூவா. கடைக்காரர் நல்ல மாதிரிதான் சொன்னார்: "பையை அப்படியே தொட்டித் தண்ணியில மிதக்க விடுங்க, பதினஞ்சு நிமிசம் கழிச்சு மீனை விட்டுருங்க." அது சூடு ஒத்துப் போறதுக்குச் சொல்ற விசயம். நோய்க்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரிக்கும்போது பையன் கேட்டான்: "அப்புச்சி, இதையும் ஒரு மாசம் தனியாக் கட்டோணுமா?"

ஐப்பசியில வாங்குன கிடாய்க்குக் கயிறு பிடிச்சுட்டு வேப்பமரத்துக்கு நடந்தவன் அவன். அதை மனசுல வச்சுத்தான் கேட்டிருக்கான். நான் சிரிச்சேன். "இருவத்தஞ்சு ரூவா மீனுக்கு வேப்பமரமா கண்ணு?"ன்னேன். மறுநாள் டீக்கடையில வேற சொல்லிச் சிரிச்சேன். பை தண்ணியோட சேத்து மீனைத் தொட்டிக்குள்ள கவுத்தேன்.

நாலாம் நாள் ஒரு மோலி அடியில கிடந்த கூழாங்கல்லுல உடம்பைத் தேய்ச்சுது. விளையாடுதுன்னு நினைச்சோம். மாடு மரத்துல உராய்ஞ்சா உண்ணி இருக்கான்னு பாக்குற எனக்கு மீன் கல்லுல உராய்ஞ்சா என்னன்னு தோணலை. ஆறாம் நாள் பழைய கப்பிக வால்ல ரவை ஒட்டுன மாதிரி வெள்ளைப் புள்ளி. ரெண்டு நாள்ல தொப்பையன் முதுகெல்லாம் உப்புத் தூவுன மாதிரி ஆயிருச்சு. மேல வந்து வந்து மூச்சு வாங்குச்சு.

எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் சென்னை கொளத்தூர்ல வண்ணமீன் வளர்க்குற பண்ணையில வேலை செய்யறான். கொளத்தூர்ப் பக்கம் இந்தத் தொழில் தெருத் தெருவா நடக்குது. ராத்திரி அவனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். பாத்த உடனே, "மாமா, இது வெள்ளைப்புள்ளி நோய். புது மீன் விட்டீங்களா?"ன்னான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டுண்ணி, இக்தியோப்திரியஸ்னு பேரு. மீன் தோலுக்கு அடியில புகுந்து தின்னு பெருக்கும். அப்பத்தான் வெள்ளைப் புள்ளியாத் தெரியும். பெருத்ததும் உதிர்ந்து அடியில விழுந்து, கூடு கட்டி, ஒண்ணு நூத்துக்கணக்காப் பிரியும். பிரிஞ்ச குஞ்சுக நீந்தி வந்து வேற மீனைப் பிடிக்கும். ரெண்டு மூணு நாளுக்குள்ள மீன் கிடைக்கலைன்னா செத்துரும். மருந்து கேக்குறது நீந்துற அந்தப் பருவத்துல மட்டும்தான், தோலுக்குள்ள இருக்கும்போது ஒண்ணும் செய்யாது. வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சுத்து ஒரு வாரத்துக்குள்ள முடியும். குளிர்ந்த தண்ணியில இழுத்துட்டே போகும். புள்ளி மறைஞ்சுதேன்னு மருந்தை நிறுத்துனா அடுத்த சுத்து வந்து நிக்கும். களைக்கொல்லி அடிச்ச காட்டுல அடுத்த மழைக்கு விதை முளைச்சு வருதே, அந்தக் கதைதான்.

ஹீட்டர் வாங்கினேன். கல்லுப்பை லிட்டருக்கு ரெண்டு கிராம் கணக்குல கரைச்சு, ஒரே நாள்ல ஊத்தாம ரெண்டு நாளாப் பிரிச்சு ஊத்தினேன். அடித் தண்ணியைத் தினமும் உறிஞ்சி எடுத்தேன். ஆனா நேரம் தப்பிருச்சு. செவுள்ல புகுந்துட்டா மூச்சே நின்னுரும். பன்னெண்டாம் நாள் காலையில வாசல் தெளிச்சுட்டு உள்ள வந்த என் வீட்டுக்காரம்மா ஒண்ணும் பேசாம அடுப்படிக்குப் போயிட்டா. தொப்பையன் மிதந்துட்டு இருந்துச்சு. பதினஞ்சு மீன்ல மிஞ்சுனது ரெண்டு கப்பியும் ஒரு கறுப்பு மோலியும்.

பையன் அழுகலை. முருங்கை மரத்தடியில குழி நோண்டும்போது ஒரே ஒரு தடவை, "நான் கேட்டேனல்ல அப்புச்சி"ன்னான். அவ்வளவுதான். அப்பறம் அதைப் பத்திப் பேசவே இல்லை. ஆனா அந்தக் கறுப்பு மோலிக்கு மட்டும் தீனி போட மாட்டேன்னுட்டான். கப்பிக இருக்குற மூலையிலயே போட்டுட்டு வந்துருவான். அது சொல்லிட்டா கண்ணு வந்துச்சு, நாமதானே கொண்டாந்தோம்னு நான் சொல்லிப் பாத்தேன். கேக்குற மாதிரி இல்லை. நானும் யாருக்காகப் பேசறேன்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு.

கடைக்காரரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். சந்தை மாதிரிதான் கடையும். பல பண்ணை மீன் பையில அலைஞ்சு, சோர்ந்து, வந்து ஒரே இடத்துல சேருது. அதுவும் மார்கழிக் குளிர்ல. பாக்குறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. என் புத்திதான் விலையைப் பாத்துச்சு. பன்னெண்டாயிரம் ரூவாக் கிடாய்னா ஒரு மாசம் காத்திருக்கேன், இருவத்தஞ்சு ரூவா மீன்னா சிரிக்கிறேன். பட்டிக்குள்ள ஏற்கெனவே நிக்கிறதோட மதிப்பைத்தான் பாக்கணும்னு அய்யன் சொன்னதை நான் பாதியில மறந்துட்டேன்.

டவுன்ல இருக்குற நீங்க நிறையப் பேரு பிளாட்டுல தொட்டி வச்சிருப்பீங்க. அத்தனை பேரும் ரெண்டாவது தொட்டி வைக்கணுமான்னு கேட்டா, தொட்டி காலியா இருந்து எல்லா மீனும் ஒரே கடையில ஒரே நாள்ல வந்தா வேண்டியதில்லைன்னு சொல்லுவேன். அங்க பழசே இல்லையே. ஏற்கெனவே மீன் இருக்குற தொட்டின்னா வேணும். ஆனா ஒரு எச்சரிக்கை. தனியா வைக்கிறேன்னு வெறும் பக்கெட்டுல பச்சைத் தண்ணி ஊத்தி விட்டீங்கன்னா நோய் இல்லாத மீனும் செத்துரும். மீன் கழிவுல அம்மோனியா வரும். யூரியா போட்டா மண்ணுல இருக்குற பாக்டீரியா அதைப் படிப்படியா நைட்ரேட்டா மாத்துதே, அதே வேலை தொட்டியில ஃபில்டர் பஞ்சுல நடக்குது. புதுப் பஞ்சுல அந்த பாக்டீரியா இருக்காது. அதனால ஒரு சின்னப் பஞ்சு ஃபில்டரை முன்கூட்டியே பெரிய தொட்டிக்குள்ள ஒரு மாசம் ஓட விட்டு வச்சுக்கணும். புது மீன் வர்ற அன்னைக்கு அதை எடுத்து டப்புல போட்டா வேலை ஆரம்பிச்சுரும். ஒதுங்க ஒரு மண்சட்டித் துண்டு, மேல ஒரு மூடி, தனி வலை, தனிக் குழாய். தண்ணியில குளோரின் இருந்தா அதுக்குண்டான மருந்து. கடைப் பைத் தண்ணி வேண்டவே வேண்டாம், மீனை மட்டும் வலையில எடுக்கணும். புதுச் செடி வாங்கினாலும் இதே சட்டம்தான், கூடு அதுல ஒட்டிட்டு வரும். ஒரு மாசம் தாக்குப் பிடிக்க முடியலைன்னா மூணு வாரமாவது.

தை முடியிற வரைக்கும் தொட்டியில புதுசா ஒண்ணும் விடலை. மாசி பிறந்ததும் பையனே கேட்டான், அஞ்சு கப்பி வாங்கியாந்தோம். தங்கமீன் வேண்டாம்னுட்டான். திண்ணையில நீல டப்புல இப்ப அதுக கிடக்குது. தினத்தாள் காலண்டர்ல கிழிக்கிற தாளையெல்லாம் பையன் ஆணியில குத்தி வைக்கிறான், இன்னைக்குப் பத்தொன்பது. கறுப்பு மோலிக்கு இப்பத் தீனி போடுறான். எப்ப ஆரம்பிச்சான்னு நான் கவனிக்கலை.

நேத்து டப்புல ஃபில்டரைச் சரி பண்ணிட்டு, அப்படியே ஈரக் கையோட தொட்டி மூடியைத் தூக்கப் போனேன். வீட்டுப்பாடம் எழுதிட்டு இருந்தவன் தலையைத் தூக்காமயே, "அப்புச்சி, கை"ன்னான். வெளிய போயி கழுவித் துடைச்சுட்டு வந்தேன்.