இரவு இரண்டு மணிக்கு மேல்

பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த புதிதில் நாங்கள் வாங்கியிருந்த திட்டத்தில், இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை எவ்வளவு மேய்ந்தாலும் கணக்கில் ஏறாது. வலைப்பதிவுப் பைத்தியம் பிடித்தவனுக்கு வேறென்ன வேண்டும்? ஸ்ரீரங்கத்து உத்தர வீதியே உறங்கும்போது நான் வலைப்பதிவுத் திரட்டியான தமிழ்மணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "இன்னும் தூங்கலையாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, நாளாவட்டத்தில் "அதுக்குள்ள எழுந்துட்டியா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

அதற்கு முந்தையது பிரவுசிங் சென்டர் காலம். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பிளைவுட் தடுப்புக்குள் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார வேண்டும். விண்டோஸ் 98 மிஷின் வாய்த்தால் தொலைந்தது, யுனிகோட் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எக்ஸ்பி இருக்கிற கேபின் காலியாகும்வரை காத்திருப்பேன். தமிழில் தட்டுவதற்கான எ-கலப்பை மென்பொருளை இறக்கிக்கொள்ளக் கடைக்காரர் விடமாட்டார். சுரதாவின் எழுத்துமாற்றி இணையப்பக்கத்தில் தட்டி, வெட்டி, ஒட்ட வேண்டியதுதான்.

காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் எங்களுக்குத் தெருமுனை டீக்கடை. பதிவு முகப்பில் மேலே வரும்; அடுத்தவர் பதிவு வந்து கீழே தள்ளும். அதற்குள் எத்தனை பின்னூட்டம் என்று நிமிஷத்துக்கொரு தரம் பார்ப்பேன். 'மீ த பர்ஸ்ட்டு', 'ரிப்பீட்டே' என்று கும்மியடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் பாதி. ஆனாலும் அந்த எண் ஒன்று கூடினால் வரும் சந்தோஷம் இருக்கிறதே, அது சம்பளத்தில்கூட வந்ததில்லை.

ஸ்ரீரங்கத்துக்காரன் எழுதுவதில் ஒரு சங்கடமும் உண்டு. மதில் என்றாலும் தேர் என்றாலும் எழுத்தாளர் சுஜாதா அங்கே முன்பே நின்றுகொண்டிருப்பார். 2008 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது முகப்பு முழுக்க அஞ்சலிப் பதிவுகள். எல்லாருமே அவரிடம் கொஞ்சம் கடன் வாங்கியவர்கள்தானே.

கோவிலுக்கு யானைமேல் தீர்த்தம் வருவதைப் பற்றி ஒருமுறை எழுதியிருந்தேன். டொராண்டோவிலிருந்து ஒருவர், "எந்த ஆற்றுத் தண்ணீர்?" என்று கேட்டிருந்தார். இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதேயில்லை. விடியுமுன் போய் நின்று விசாரித்தேன். ஐப்பசி மாதம் மட்டும் அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து; மற்ற மாதமெல்லாம் வடக்கே கொள்ளிடத்திலிருந்து. ஐப்பசியில் குடமும் தங்கமாகிவிடும். பதிலே ஒரு பதிவளவு நீண்டது. அவர் மறுபடி கேட்டார், நான் மறுபடி அலைந்தேன்.

ஊரே பதிவாகத் தெரிந்த காலம் அது. பூக்கட்டும் கை, சாத்தாரவீதி பாத்திரக்கடைச் சண்டை, மின்வெட்டில் திண்ணைக்கு வந்துவிடும் மாமாக்கள் என்று எதைக் கண்டாலும் மனசுக்குள் தலைப்பு ஓடும். வீட்டில் கொடுத்த சாமான் சீட்டு அன்றைக்கு மறந்தே போகும்.

அப்புறம் ஃபேஸ்புக் வந்தது. 2013 ஜூலையில், பதிவுகளைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடினார்கள். திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் போய்விட்டதா என்றால் இல்லை, இப்போதும் போனும் கையுமாகத்தான் இருக்கிறேன். போன மாதம் அதே யானையைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். கைகூப்பும் பொம்மைகளாக வந்து குவிந்தன. எந்த ஆற்றுத் தண்ணீர் என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பேன்.