ஜோர்ஜிய மணப்பெண்ணின் முக்காடு

ஜோர்ஜியா என்றதும் உங்களில் சிலருக்கு அமெரிக்க மாநிலமொன்று நினைவுக்கு வரக்கூடும். நான் சொல்ல வந்தது அதுவல்ல. துருக்கிக்கு வடகிழக்கே, கருங்கடல் ஓரமாக, காக்கேசிய மலைகளின் மடியில் கிடக்கும் சிறிய நாடு அது. நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு. ஆனால் அந்நாட்டுப் பழைய மணப்பெண்ணின் உடையைப் பார்த்தால் நீங்கள் வியந்து போவீர்கள்.

அவ்வுடைக்கு 'கார்த்துலி' என்று பெயர். இடுப்புவரை உடலோடு ஒட்டி, அதன்கீழ் பாதமும் தெரியாதபடி நிலம்வரை விரியும் நீண்ட அங்கி. இடுப்பிலே பட்டாலோ வெல்வெட்டாலோ ஆன பட்டி. அதன் இரு முனைகளும் முன்புறம் தரைவரை தொங்கும். பூவேலை, முத்துவேலை எல்லாம் அதிலேதான். தலையில் ஒரு வளையம், அதன்மேல் 'லெச்சாக்கி' எனும் மெல்லிய வெண்துகில். வெளியே போகும்போது அதற்கும் மேலாகக் கழுத்தை மூடி, முகம் மட்டும் தெரிய ஒரு கறுப்பு முக்காடு. அதன் பெயர் என்ன தெரியுமா? 'பக்தாதி'! பக்தாத் நகரை நினைவூட்டும் பெயர்.

மலைநாட்டில் இந்த முக்காட்டுக்குத் தனி மதிப்பிருந்தது. ஆண்கள் வாளெடுத்துச் சண்டையிடும்போது ஒரு பெண் தன் முக்காட்டைக் கழற்றி நடுவே எறிந்துவிட்டால் போதும். சண்டை நின்றுவிட வேண்டும். அதை மிதித்துப் போவது பெரும் இழிவு.

மாப்பிள்ளை அணிவது 'சொக்கா' எனும் கம்பளி அங்கி. மார்பின் இருபுறமும் துப்பாக்கித் தோட்டா வைக்கும் சிறு பைகள் வரிசையாக இருக்கும். இன்று அவை வெறும் அலங்காரம். இடுப்பிலே குத்துவாள். தேவாலயத்தில் இருவர் தலையிலும் கிரீடம் வைக்கிறார்கள். பிறகு தோழர்கள் வாள்களைக் குறுக்காக உயர்த்திப் பிடிக்க, தம்பதி அதன்கீழே நுழைந்து வருவர். வாசலில் மாப்பிள்ளை ஒரு பீங்கான் தட்டை மிதித்து உடைப்பார். விருந்தை நடத்துவதற்கென்றே 'தமதா' எனும் பேச்சாளர் இருப்பார். அமைதிக்கு, பெற்றோருக்கு, இறந்துபோனவர்களுக்கு என்று ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து பேசுவார். ஒவ்வொரு பேச்சுக்கும் திராட்சை மது உண்டு. அந்தப் பக்கம் நமக்கு வேண்டாம்.

மணமக்களின் நடனத்துக்கும் கார்த்துலி என்றே பெயர். அதில் ஆணின் கை பெண்ணின் ஆடை நுனியில்கூடப் படக்கூடாது. இவ்வளவு கண்ணியம் பேசிய அதே நாட்டில்தான் பெண்ணைத் தூக்கிச் சென்று மணம் முடிக்கும் வழக்கமும் இருந்தது! ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிப் பெற்றோரே சம்மதித்துவிடுவார்கள். அந்தப் பெண்ணின் மனதை யார் கேட்டார்கள்? இன்று அது குற்றம். 2017 முதல் பதினெட்டு வயதுக்கு முன் திருமணமே அங்கு செல்லாது.

தென்மேற்கே அஜாரா பிரதேசம் 1878 வரை உஸ்மானிய ஆட்சியில் இருந்தது. அங்கே ஜோர்ஜிய மொழியே பேசும் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். மலைக்கிராமங்களில் உள்ள அவர்களது மரப் பள்ளிவாசல்களின் சித்திர வேலைப்பாடு பார்க்கத்தக்கது. 1921இல் சோவியத் ஆட்சி வந்தபின் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் ஒன்றாகவே மூடப்பட்டன. சொக்காவும் கார்த்துலியும் நாட்டிய மேடைக்குரிய உடைகளாயின. 1991இல் நாடு சுதந்திரம் பெற்றபின் அவை மீண்டும் திருமண வீடுகளுக்கு வந்திருக்கின்றன. வெள்ளைக் கவுண் உடுத்தும் மணப்பெண்களே இன்று அதிகம் என்றாலும், பாட்டி காலத்து இடுப்புப் பட்டியைத் தேடிப்பிடித்துக் கட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.