மூச்சு ஓய்ந்த பிறகு

மேனாட்டார் கற்பனையில் பிறந்த பிராணிகளுள் டிராகனுக்கு நிகரான மற்றொன்றைக் காண்பது அரிது. சிறகு முளைத்த பெருநாகம். பொற்குவியலின் மீது துயில்வது. வாய் திறந்தால் தீ. இதனை எதிர்த்து நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, காகிதமும் பென்சிலும் பல முகப் பகடைகளும் கொண்டு போரிடும் ஆட்டம் ஒன்றுண்டு. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவரின் ஆக்கமாக, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரர், மந்திரவாதி, திருடர் என வேடம் ஏற்றுத் தாம் செய்வதைச் சொல்வர். பலிப்பதும் பிழைப்பதும் பகடை சொல்லும். பணயம் வைத்து ஆடுவதன்று இது, காலணாவும் கைமாறுவதில்லை. நம் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் விடுமுறைதோறும் இதனை விரித்து அமர்கின்றனர். ஆள் குறையும் நாட்களில் நம்மையும் ஒரு கிழ மந்திரவாதியாக்கி உட்கார்த்தி வைப்பதுண்டு. வேடம் பொருத்தமே என்பது வீட்டாரின் கருத்து.

இவ்வாட்டத்தின் டிராகன்கள் எல்லாமே தீயை உமிழ்வன அல்ல. சிவப்புக்குத் தீ, வெள்ளைக்குக் கடுங்குளிர், கறுப்புக்கு அமிலம், நீலத்துக்கு மின்னல், பச்சைக்குக் குளோரின் வாயு என்று 1977இல் வந்த பிராணிகள் நூல் வகுத்தது. பித்தளை நிற டிராகன் ஊதினால் எதிரி உறங்கிப் போவான். வெள்ளி நிறத்தது ஊதினால் கைகால் அசையாது நிற்பான். நாளொன்றுக்கு மூன்று மூச்சுத்தான். ஆனால் ஒவ்வொன்றும் அப்பிராணியின் உயிர்ப் புள்ளிகள் எத்தனையோ அத்தனையை எதிரியிடமிருந்து பறிக்கவல்லது. பகடை உருட்டித் தப்பினால் பாதி.

இதுவரை கணக்கு எளிது. நம் சிந்தனையைக் கவர்ந்தது இதற்கு அப்பாலுள்ளது. தீ மனிதனை மட்டும் பார்த்துச் சுடுமா? அவன் தோளில் தொங்கும் பை என்னாவது? பையினுள் மந்திரம் எழுதிய தோல்சுருள், மருந்து நிறைந்த கண்ணாடிக் குப்பி, கயிறு, ரொட்டி?

பழைய நூல்கள் இக்கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. ஆட்டம் நடத்துபவருக்கென 1979இல் வந்த நூலில் இதற்கென்றே ஓர் அட்டவணை உண்டு. காகிதம், கண்ணாடி, துணி, தோல், மரம், உலோகம் என ஒவ்வொரு பொருளும் தீயையும் அமிலத்தையும் பனியையும் மின்னலையும் தாங்கத் தனித்தனியே பகடை உருட்டியாக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டின் நூல், தீக்கோளம் என்னும் மந்திரத்தைப் பற்றிக் கூறுகையில், பொன்னும் வெள்ளியும் செம்பும் அதில் உருகிவிடும் என்று எச்சரிக்கிறது. பொன் உருகுவதற்கு 1064 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். பொற்குவியலின் மேல் படுத்திருக்கும் சிவப்பு டிராகன், திருடனைக் கண்ட ஆத்திரத்தில் தன் படுக்கையை நோக்கியே ஊதிவிட்டால் அதன் செல்வம் என்ன கதியாகும் என்று நாம் ஒருமுறை கேட்டோம். மேசையில் சற்று நேரம் அமைதி நிலவியது.

பின்னாளில் இக்கணக்கு சலித்துப் போயிற்று போலும். 2014இல் வந்த பதிப்பில், முதிர்ந்த சிவப்பு டிராகனின் மூச்சு அறுபது அடிக்கு விரியும். பதினெட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை அளவுக்குக் காயம் செய்யும். அவ்வளவே சொல்லப்பட்டிருக்கிறது. அருகிலுள்ள வைக்கோற்போர் பற்றுமா என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அதே ஆண்டின் மற்றொரு நூலோ, தீக்கோள மந்திரம் எவரும் அணியாத, ஏந்தாத பொருள்களைப் பற்றவைக்கும் என்கிறது. மந்திரவாதியின் நெருப்பு வைக்கோலை எரிக்கும், டிராகனின் நெருப்பு எரிக்காது என்றா கொள்வது? முப்பது பொருளுக்கு முப்பது முறை பகடை உருட்டினால் ஆட்டம் நகராது என்பது மெய்தான். ஆயினும் சாம்பல் விழாத தீயை நம்புவதற்கு நம் மனம் ஒப்பவில்லை.

பச்சை டிராகனின் மூச்சைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய நூல்கள் குளோரின் என்னும் பெயரை விட்டு, நச்சுவாயு என்று பொதுப்படக் கூறுகின்றன. பெயரில்தான் எத்தனை செய்தி இருந்தது! குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே பள்ளம் தேடி இறங்கும். கண்ணிலும் நெஞ்சிலும் உள்ள ஈரத்தோடு கலந்து அமிலமாகும். குகைக்குள் டிராகன் ஊதிய பின், தரையில் படுத்துத் தப்ப எண்ணியவனே முதலில் மடிவான். இது வெறும் ஊகமன்று. 1915 ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியப் படை இவ்வாயுவைக் காற்றில் திறந்துவிட்டபோது, அது பதுங்கு குழிகளில் இறங்கியது. அங்கே நின்றவர்களில் பிரெஞ்சுப் படையின் அல்ஜீரிய வீரர்களும் இருந்தனர். நான்கு நாட்களுக்குப் பின் அதே களத்தில், இந்தியப் படையின் ஜமேதார் மீர் தஸ்த், நச்சுக்காற்றுக்கும் குண்டுமழைக்கும் இடையே, காயமுற்ற எட்டு அதிகாரிகளைப் பாதுகாப்பான இடம் சேர்க்க உதவினார். பிரைட்டன் நகரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு விக்டோரியா சிலுவை அணிவித்தார். உள்ளே சென்ற காற்றின் துன்பமோ அவரை விட்டபாடில்லை. பகடையின் கணக்கில் அவர் தப்பியவர். பாதிக் காயம் என்று எழுதி அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம்.

சென்ற விடுமுறையில் ஆட்டத்தை நடத்தியவன் பதினாறு வயதுப் பேரன். அவன் தங்கை, பதினொரு வயதினள், நிலவறையின் வரைபடத்தை வண்ணப் பென்சிலால் நான்கு நாட்கள் இழைத்து இழைத்து வரைந்திருந்தாள். சிவப்பு டிராகன் ஊதிற்று. அவள் பகடையில் விழுந்தது 4. உயிர் எஞ்சியது, ஆனால் பேரன் பழைய அட்டவணையை எடுத்து, “வரைபடம் காகிதம், அதற்கும் உருட்டு” என்றான். அதற்கும் குறைந்த எண்ணே விழுந்தது. சிறுமி படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“நன்னா, நீங்களே சொல்லுங்கள். இது நான் வரைந்தது. கதையில் எரிந்தால் இதையும் கிழிக்க வேண்டுமா?”

விதி அவன் பக்கம். உழைப்பு அவள் பக்கம். பொருளும் எரியும் என்பதை ஆட்டம் தொடங்குமுன் அறிவித்தாயா என்று பேரனைக் கேட்டோம். இல்லை என்றான். அறிவித்திருந்தால் அவள் படத்தை இரும்புக் குழலில் இட்டுச் சென்றிருப்பாள். பழைய அட்டவணையின் பயனே அந்த முன்யோசனையை வளர்ப்பதுதான். சொல்லாத விதிக்கு முழுத் தண்டம் கேட்பது முறையன்று என்றோம். அவன் சற்று முனகிவிட்டு, பாதி கருகியதாக வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தான். அவளே படத்தை நடுவில் மடித்து, மடிந்த பாதியைப் பார்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

வெளியேறும் வாயில் அந்தப் பாதியில் இருந்தது. இடப்புறம் என்றாள்; பிறகு வலப்புறம் என்றாள். இரவு பத்தரை மணிக்கு அவர்களுடைய தாயார் விளக்கை அணைக்க வந்தபோதும், நாம் அனைவரும் நிலவறைக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தோம்.