மூடிக்குள் ஒரு மௌன சேவகன்

மோர்கன் மூன்று சக்கரக் காரைக் காண்போரின் பார்வை முதலில் சென்று நிற்பது, முகப்பிலேயே திறந்த மேனியாய் வீற்றிருக்கும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்மீதுதான். இங்கிலாந்தின் மால்வெர்னில் 1909-இல் எச். எஃப். எஸ். மோர்கன் தொடங்கி, 1952-உடன் நின்றுபோன அந்த முச்சக்கர மரபு, 2011-இல் புத்துயிர் பெற்றபோது, ஏறத்தாழ இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள அமெரிக்க எஞ்சினைத் தாங்கி வந்தது.

ஆயினும் என் மனம் நாடுவது, மூடிக்குள் மறைந்து உழைக்கும் டைமிங் பெல்ட்டையே. கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறைதான் சுழலவேண்டும் என்னும் நியமத்தை, மூன்று கேம் தண்டுகளிடத்தும் அணுவளவும் பிசகாமல் காத்து நிற்பது அந்த ரப்பர்ப் பட்டைதான். பின்சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் வேறு. அதில் சிறுகல் சிக்கினால் கண்ணால் கண்டு எடுத்துவிடலாம். இதுவோ தன் துயரத்தை வாய்விட்டுச் சொல்லாது. ஓரம் நைந்திருக்கிறதா, பல்லின் அடியில் வெடிப்பு உண்டா, எண்ணெய் கசிந்து படிந்ததா, இழுவிசை சரிதானா என்று நாமே திறந்து பார்த்து விசாரிக்க வேண்டும்.

விடுமுறைக்கு மட்டும் வெளிவரும் வண்டிதானே, மைல் கணக்கு சொற்பந்தானே என்று அலட்சியம் செய்வோரும் உண்டு. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஓசையின்றி நம்மைத் தாங்குவோரை நாம் நலம் விசாரிப்பதும் அப்படித்தானே, நண்பர்களே?