பிந்தியதற்கு ஒரு கடிதம்

மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை அமெரிக்காவில் இருந்து மச்சாள் எடுத்தார். என் கணவரின் மூத்த அக்கா. அங்கே தாதியாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நீண்ட நாள் படுக்கையில் கிடந்த கணவரைப் பராமரித்துப் பறிகொடுத்தவர்.

"புள்ள, நீ ஒருக்கா பென்சன் கந்தோருக்குக் கடிதம் எழுதினாய்தானே, அதில என்ன எழுதினாய்?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அங்கே வேலை செய்யும் காலத்தில் வரி கட்டாமல் ஓய்வுகாலக் கணக்கில் பணம் சேர்க்கலாமாம். ஆனால் வயது போனபின் அந்தப் பணத்தில் ஒரு பங்கை வருடாவருடம் எடுத்தே தீர வேண்டும். எடுத்தால்தானே அரசாங்கத்துக்கு வரி கிடைக்கும்! இப்போதைய சட்டப்படி 73 வயதில் இருந்து எடுக்க வேண்டும். எடுக்கத் தவறினால், எடுக்காமல் விட்ட தொகையில் நூற்றுக்கு 25 தண்டம். 2022 வரை அது சரிபாதியாக இருந்ததாம். நம் ஊரில் சேமித்த காசை எடுத்தால்தான் ஏச்சு விழும். அங்கே எடுக்காவிட்டால் தண்டம். உலகம் பலவிதம்.

மச்சாள் வீட்டில் இந்தக் கணக்கு வழக்கெல்லாம் அவர் கணவர் பார்த்தது. அவர் நோயில் கிடந்த வருடம் மச்சாளின் கணக்கில் எடுக்க வேண்டிய எட்டாயிரம் டொலரை யாரும் எடுக்கவில்லை. இரண்டாயிரம் டொலர் தண்டம். விஷயம் தெரிந்த உடனே மச்சாள் அந்தப் பணத்தை எடுத்துவிட்டார். இரண்டு வருடத்துக்குள் திருத்தினால் தண்டம் நூற்றுக்குப் பத்தாகக் குறையுமாம். தக்க காரணம் இருந்தால் முழுவதையும் தள்ளிவிடும்படியும் கேட்கலாம். அதற்கு 5329 என்று ஒரு படிவம், அதனுடன் ஒரு விளக்கக் கடிதம். தண்டத்தை முதலில் கட்டத் தேவையில்லை.

"மகன் எழுதித் தந்தவன். வக்கீல் எழுதின மாதிரி இரிக்கு. அதுல நானும் இல்ல, அவரும் இல்ல" என்றார் மச்சாள்.

பழைய தகரப் பெட்டியைத் திறந்தேன். என் கடிதத்தின் பிரதி அடியில் இருந்தது.

என் கணவர் ஆசிரியர். எங்கள் ஊர் படுவான்கரையில். ஒரு இரவு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அந்தக் காலத்தில் மண்முனைப் பாலம் இல்லை, அது 2014 இல்தான் திறந்தது. பொழுது பட்டால் வாவியைக் கடக்க முடியாது. விடிந்து முதல் பாதைக்குக் கொண்டு போனோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் எனக்கும் சோறு போட்டது விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம்தான். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிய காசு. யாரும் இரங்கித் தருவதில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்தக் காசை வாங்கப் போகும்போது நம்மில் பலர் கடன் கேட்கப் போனவர் போலக் குனிந்து நிற்கிறோம். நானும் அப்படித்தான் நின்றேன்.

இந்தப் பணம் தொடர்ந்து வர வேண்டுமானால் வருடத் தொடக்கத்தில் உயிர்வாழ்ச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கிராம சேவையாளர் உறுதிப்படுத்த, நான் உயிரோடு இருக்கிறேன், மறுமணம் செய்யவில்லை என்று கையெழுத்து வைப்பது. 2007 இலும் படிவத்தை நிரப்பி வைத்திருந்தேன். மார்ச் மாதம் ஷெல் அடி தொடங்கியது. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்துச் சனம் எல்லாம் எழுவான்கரைக்கு ஓடியது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் பென்சன் அட்டையும் வங்கிப் புத்தகமும் பையில் இருந்தன. அந்தப் படிவம் மட்டும் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகியபடியே நின்றுவிட்டது. முகாமில் கூடாரமும் தண்ணீர் வரிசையும் சின்னவனின் காய்ச்சலுமாக இருந்தபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

ஊர் திரும்பியபின் வங்கிக்குப் போனேன். பணம் இல்லை. கந்தோருக்குப் போனேன். "சான்றிதழ் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்றுதானே எண்ணுவோம்" என்றார் மேசையில் இருந்தவர். நான் அவர் முன்னாலேயே நிற்கிறேன். பிந்திய காரணத்தை எழுதி, புதுச் சான்றிதழும் வைத்துத் தரச் சொன்னார்.

அன்றிரவு எழுதினேன். "சுகவீனம் காரணமாக" என்று எழுதினேன். அது பொய். அந்த நாட்களில் ஷெல் என்றோ இடம்பெயர்ந்தேன் என்றோ கடதாசியில் எழுதவே கை கூசும். எந்தப் பகுதியில் இருந்தாய், யாரோடு இருந்தாய் என்ற கேள்வி பின்னால் வரும் என்ற பயம். பயந்தால் மனிசர் எப்போதும் வருத்தக்காரர் ஆகிவிடுவார்கள்.

மறுநாள் கடிதத்தைப் பார்த்த கிராம சேவையாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "சுகமில்லை என்றால் வைத்தியசாலைத் துண்டு கேட்பார்கள், அது உங்களிடம் இல்லை. இடம்பெயர்ந்தது என்றால் முகாம் அட்டை இருக்கிறது, நானும் கையெழுத்து வைப்பேன். நடந்ததை எழுதுங்கள் அம்மா."

அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தே மாற்றி எழுதினேன். மேலே ஓய்வூதிய இலக்கமும் கணவரின் பெயரும். இன்ன திகதியில் ஊரை விட்டு வெளியேறினேன், இன்ன முகாமில் பதிந்தேன், இன்ன திகதியில் திரும்பினேன். படிவம் வீட்டில் தங்கிவிட்டது. இப்போது புதிய சான்றிதழை இணைத்துள்ளேன். நின்ற மாதங்களின் பணத்தையும் சேர்த்துத் தரும்படி கேட்கிறேன். அவ்வளவுதான். அழுகையும் இல்லை, "தங்கள் பாதம் பணிந்து" என்பதும் இல்லை. அதை எழுதப் போனேன், அவர் வேண்டாம் என்றார். முகாம் அட்டையின் பிரதியை வைத்து, கடிதத்திலும் ஒரு பிரதி எடுத்து, கந்தோரில் கொடுத்து, என் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கினேன். இந்த முத்திரையை வாங்க வெட்கப்படாதீர்கள். இரண்டாம் முறை போனபோது என் கடிதம் கோப்பில் காணவில்லை. முத்திரை இருந்த பிரதிதான் என்னைக் காப்பாற்றியது.

இரண்டு மாதம் கழித்து நின்ற பணம் முழுவதும் ஒன்றாக வந்தது. அதில் முதல் வாங்கியது ஒரு மூடை அரிசியும் மூத்தவளுக்குச் சப்பாத்தும்.

இதையெல்லாம் தொலைபேசியில் மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். "திகதி திகதியா எழுதியிரிக்காய்" என்றார். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களின் துண்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கிறதாம், அவர் போனபின் திறக்கவில்லையாம். கடிதத்துக்காக அதைத் திறக்க வேண்டும் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை.

"நீ லைன்ல இரி, புள்ள" என்றார். அங்கே பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.