உம்மாவின் சலவைக் கணக்கு

இங்கிலாந்தில் வாழும் எங்கள் உம்மாவுக்கு வீடு தேடி வரும் பராமரிப்பின் கட்டணத்தைக் கணக்கிட்ட உள்ளாட்சி மன்றம், அவர் பெறும் ‘அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்’ தொகையையும் வருமானமாகச் சேர்த்தது. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டமும் விதிகளும் அதற்கு இடமளிக்கின்றன. ஆயினும், இயலாமையால் நேரும் கூடுதல் செலவைக் கழித்த பின்னரே கட்டணம் விதிக்க வேண்டும். அன்றாடம் துவைக்கும் விரிப்புகள், கூடுதல் வெப்பமூட்டல், விரைவில் நைந்துபோகும் உடைகள் போன்றவை அச்செலவில் அடங்கும்.

“படுக்கை நனைவதையெல்லாம் அந்நியரிடம் சொல்வதா?” என்று உம்மா கூசினார். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, மறுபரிசீலனை கோரி எழுதினோம், கட்டணம் குறைந்தது. துன்பத்தை மறைப்பது ‘ஸபுர்’ ஆகாது. அங்கு வாழும் உங்கள் உறவினருக்கும் இதனைச் சொல்லுங்கள். சட்டம் தந்த உரிமையைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?